குளிர்ப்பொறியில் சேர்ந்தது

சுங்கை கெருவிங்கில் முதலில் கண்டுபிடித்தது
புஷ்பலீலாவின் சோற்றுப் பானை.
உலை கொதிக்கையில்
பக்கத்தில் யாரோ கதவுக்குச் சாயம் அடிக்கிற வாசம்.
யாரும் அடிக்கவில்லை.
ஆறாம் பிளாக்கில் பாதி வீட்டுக்குக் கதவே
ஒட்டுப்பலகைதான்.

குவளையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால்
அப்படி ஒரு தெளிவு.
அந்தத் தெளிவைத்தான் மூன்று வருடம் குடித்தார்கள்.

செம்பனை ஆலைக்குப் பின்னால்
பீப்பாய் கழுவும் பட்டறை.
லோரி வரும், அழுக்குப் பீப்பாய் இறங்கும்,
பளபளவென்று வேறொன்று ஏறும்.
கழுவிய தண்ணீர் எங்கே போனது?
மண் வாய் திறக்கவில்லை.
குழாய்க்கிணறு திறந்தது.

நான் நாலு மாத ஒப்பந்தத்தில் வந்தவள்.
நீலக் கொள்கலன் ஒன்று, பம்பு இரண்டு,
உதவிக்கு சுல்ஹைரி.
உள்ளே குழல்கள், ஆயிரக்கணக்கில்,
தண்ணீரில் போடாத மீகூன் கட்டு மாதிரி.
சுவரெல்லாம் சிலிக்கோன் ரப்பர்.
"ரப்பர் ஊருக்கே ரப்பர் கொண்டு வந்தியா"
என்று சிரித்தார் சாப்பாட்டுக் கடைக்காரர்.
தே தாரிக்குக் காசு வாங்கவில்லை, அன்றைக்கு மட்டும்.

சல்லடை இல்லை இது. துளையே கிடையாது.
ரப்பருக்குத் தண்ணீர் ஆகாது.
தின்னர் என்றால் உயிர்.
தொட்டதும் தனக்குள் கரைத்துக்கொள்ளும்.
சுவருக்கு அந்தப் பக்கம்
பம்பு உறிஞ்சி வைத்த வெறுமை.
அதன் பசி இழுக்க இழுக்க
தொலுயீன் ஊர்ந்து போய்
ஆவியாகக் கழன்றுகொள்ளும்.
கொஞ்சம் தண்ணீரும் கூடவே போகும்,
கூட்டத்தில் தப்பு பஸ் ஏறியவர் போல.

சொல்லும்போது சுலபம்.
முதல் வாரம் முழுக்க எங்களை அழவைத்தது
விஷம் இல்லை, இரும்பு.
முன்வடிகட்டியில் செம்பழுப்புச் சகதி.
இரவு இரண்டு மணிக்கு அழுத்தமானி ஏறும்,
சுல்ஹைரி கெட்ட வார்த்தையை
மலாயில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பான்.

ஆவி குளிர்ப்பொறியில் வியர்த்து
சொட்டுச் சொட்டாய்ச் சீசாவில் இறங்கியது.
அடியில் நீர். மேலே மிதக்கும் ஒரு விரல்.
இரண்டும் நிறமற்றவை,
நடுவில் ஒரு கோடு மட்டும்
இது வேறு, அது வேறு என்றது.

பொது மண்டபத்தில் விசாரணை.
கம்பெனி வக்கீல் நல்ல தமிழ் பேசினார்.
"டேங்கர் லோரித் தண்ணீரில்
இரண்டு டீஸ்பூன், ஐயா.
இரண்டே டீஸ்பூன்."
கணக்கு சரிதான். நானே போட்ட கணக்கு.

பையிலிருந்து சீசாவை எடுத்து மேசையில் வைத்தேன்.
பத்தொன்பது நாள் வரவு.
செய்யக்கூடாதுதான்,
மூடியை அரைச் சுற்று திருகினேன்.

மின்விசிறி அதை வரிசை வரிசையாய்க் கொண்டுபோனது.
வக்கீல் கைக்குட்டை தேடினார்.
கடைசி வரிசையில் புஷ்பலீலா எழுந்து நின்றாள்.
"அதான். என் சோறு."

தீர்ப்புத் தேதி இரண்டு முறை தள்ளிப் போயிருக்கிறது.
சீசா, சட்டப்படி ஒட்டிய மஞ்சள் சீட்டோடு,
கழிவு லோரியில் ஏறிவிட்டது.
சுத்தமான நீரின் அறிக்கையை
அவள் வீட்டுக்கே கொண்டுபோனேன்.
'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லில்
விரல் வைத்தாள்.
"இல்லைன்னு அர்த்தமா?"
"கருவிக்குத் தெரியற அளவுக்கு இல்லை."
"அது எம்மாத்திரம்?"
சொன்னேன். புள்ளிக்குப் பிறகு சைபர்கள்.

தலையாட்டவில்லை.
அரிசி போடாமல் உலை வைத்தாள்.
மூடியை ஒதுக்கிவிட்டு
பானை மேல் குனிந்து நின்றாள்.
நானும் அறிக்கையை மடித்துக்கொண்டு
கொதிக்கட்டும் என்று பக்கத்தில் நின்றேன்.