கடைசி எழுத்து

லோரியாங், மீன் ஏலக்கூடத்துக்குப் பின்தெரு.
செவ்வாய் மாலை ஆறரை.
ஆறு வயதுப் பிள்ளைகளின் நாற்காலிகளில்
முழங்கால் தாடையில் இடிக்க
என் மாணவர்கள்.

"மேசை ஏன் பெண்பால்?"
இந்த வாரமும் கேட்டார் ஹப்தோம்.
தெரியாது என்று
இந்த வாரமும் சொன்னேன்.
கரண்டி பெண், முள்கரண்டி பெண்,
கத்தி மட்டும் ஆண்.
"இழுப்பறைக்குள் தனியாக, பாவம்"
என்று குறித்துக்கொண்டார்.

த்சோவினாருக்கு வேறு வழக்கு.
நாந்த்துக்குக் குடிபோன மேல்வீட்டு மரிவோனுக்கு
'உன்னை எனக்குத் தேடுகிறது' என்று எழுதப்போய்
'என்னை உனக்குத் தேடுகிறது' என்று
எழுதி அனுப்பிவிட்டாள்.
மறுநாளே பதில்:
ஆமாம், ரொம்பத் தேடுகிறது.
"இப்போது சொல்லுங்கள் மதாம்,
இது தப்பா, சரியா?"
சிவப்புப் பேனாவை மூடிவைத்தேன்.

நோதார் கேள்வி கேட்பவனில்லை.
ஐஸ் அள்ளி வெடித்த கையை
அன்றுதான் தூக்கினான்.
"இன்னும் வேலை வேண்டுமா என்றார் மேஸ்திரி.
ழான் வே ப்ளூ என்றேன்.
திங்கள் முதல் பட்டியலில் என் பெயர் இல்லை."

பலகையில் எழுதினேன்.
கடைசி 'ஸ்' ஒலித்தால்: இன்னும் வேண்டும்.
விழுங்கினால்: இனி வேண்டாம்.
எழுத்தில் இரண்டும் ஒன்றே.
மறுப்பைக் காட்ட முன்னால்
'ந' என்று ஒரு காவலாளி உண்டு.
புத்தகத்தில் நிற்கிறான்,
தெருவில் நாங்களே அவனைத் தின்றுவிட்டோம்.

நோதார் நோட்டைப் புரட்டினான்.
"கடைசி எழுத்தைச் சொல்லாதே, சொல்லாதே என்று
செப்டம்பரிலிருந்து
நீங்கள்தானே, மதாம்?"

சாக்பீஸ் தூளைப்
பாவாடையில் துடைத்தேன்.

மேஸ்திரி லெ பிஹானுக்கு நானே கடிதம் எழுதினேன்,
ஒரு எழுத்தின் சார்பாக.
சிரித்திருக்கிறார்; திரும்பச் சேர்த்துக்கொண்டார்.
அதன் பிறகு நோதார்
டயரில் காற்றுப் போவதுபோல
ப்ளுஸ்ஸ்ஸ் என்பான், வகுப்பே குலுங்கும்.
பெட்டிக்கு மேல் பெட்டி, இரவுக்கு மேல் இரவு,
கேட்டதெல்லாம் கிடைத்தது.

மார்ச்சில் ஒரு செவ்வாய்
முதல்முறையாக மீன் வாடை இல்லாமல் வந்தான்.
காலையில் லெ பிஹானிடம் போய்
அதே மூன்று சொல்லைச் சொன்னானாம்:
ழான் வே ப்ளூ.

"ப்ளுஸ்" என்று
பொறுமையாகத் திருத்தினாராம் மேஸ்திரி.

"இல்லை மஸ்யே,
ப்ளூ."