பத்தொன்பது கிலோமீட்டர்

சாவியைப் பாதி திருகி நிறுத்துகிறேன்.
மஞ்சள் சுருள் விளக்கு எரிகிறது.
உதட்டுக்குள் எண்ணுகிறேன்.
மைனஸ் இருபத்து மூன்றுக்கு
ஏழு வரை எண்ண வேண்டும்.
பக்கத்து இருக்கையில் ஸெனோனின் உதடும் அசைகிறது,
அவனுக்கே தெரியாமல்.

அவன் வண்டியில் டீசல் மெழுகாகிவிட்டது.
விடியுமுன் எழுந்து
வடிகட்டியின் மேல் வெந்நீர் ஊற்றிப் பார்த்தானாம்,
மூன்று கெட்டில்.
பிறகு அந்தக் காலிக் கெட்டிலோடேயே வந்து
என் கதவைத் தட்டினான்.
ஒன்பதரைக்கு சுவாவ்கி நீதிமன்றத்தில்
எங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள்.
பஸ் பத்து மணிக்குத்தான்.
விவாகரத்துக்கு ஒரே காரில் போனால்
செல்லுமா என்று கேட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.
தாடியெல்லாம் பனி, சிரித்தால் வலித்திருக்கும்.

இஞ்சின் இருமியது, நின்றது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது.
தகர டப்பாவில் குதிரை லாடங்களைப் போட்டுக்
குலுக்குகிற சத்தம்.
வெள்ளைப் புகை எழும்பி
எதிர்வீட்டு சன்னலை மூடியது.
திரை விலகித் திருமதி பிகுலாவின் மூக்கு தெரிந்தது.
சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்
நாங்கள் சேர்ந்து கிளம்பியது.

"பத்து நிமிஷம் ஓடவிடு" என்றான்.
பதினேழு குளிர்காலமாக இதே வாக்கியம்.
நின்ற இடத்தில் டீசல் சூடேறாது,
பாரம் இழுத்தால்தான் ஏறும் என்பது
பதினேழு குளிர்காலமாக என் வாக்கியம்.
மனுவில் இதை எழுத இடமில்லை.
ஒத்துவரவில்லை என்று மட்டும் எழுதினோம்.

கியரைப் போட்டேன்.
எங்கள் மூச்சு கண்ணாடியின் உள்பக்கம்
பூப்பூவாக உறைந்தது.
அவன் வங்கி அட்டையால் சுரண்டிச் சுரண்டி
ஒரு சாப்பாட்டுத் தட்டளவு பாதை எடுத்துக் கொடுத்தான்.
அந்தத் தட்டுக்குள் பிர்ச் மரங்கள்,
உப்பு லாரியின் பின்விளக்கு,
உறைந்த ஏரியின் ஓரம் ஒரு துண்டு.
ஹீட்டரைத் திறந்தால் ஏரி மேல் வீசும் அதே காற்று,
கொஞ்சம் தூசி வாசனையோடு.

ஒன்பதாவது கிலோமீட்டரிலும் முள் எழவில்லை.
வக்கீல் கொடுத்த கோப்பைத் தொடைமேல் வைத்து
கைகளை அதன் அடியில் சொருகிக்கொண்டு கேட்டான்:
"முன்னால் அட்டை இருக்கா?"
இருக்கிறது.
ரேடியேட்டரில் காற்று புகாமல் கட்டும் அட்டை.
நவம்பரில், பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அவன் போன அன்று
போகிற போக்கில் குனிந்து கட்டியது.
சலவை இயந்திரம் வந்த பெட்டியின் ஒரு பக்கம்.
'தலைகீழாக வைக்காதீர்' என்ற எழுத்து
தலைகீழாகத் தெரியும்.
நான் அவிழ்க்கவில்லை.
வேறு அட்டை வீட்டில் இல்லை.

பதினாறாவதில் ரயில்வே கேட்.
மரம் ஏற்றிய சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.
முதலில் கணுக்காலில் தெரிந்தது.
ஏதோ வீட்டுப் பூனை வந்து உரசிப் போன மாதிரி.
அவன் கையுறையைக் கழற்றினான்.
நான் தொப்பியை.
கண்ணாடியின் பூக்கள் கீழிருந்து மேலாகக் கரைந்து
முழுச் சாலையும் திடீரென்று வந்துவிட்டது.

நீதிமன்ற வாசலில் முள் தொண்ணூறில்.
மணி ஒன்பது பதினெட்டு.
யாரும் இறங்கவில்லை.
வெப்பம் பட்டதும் இருவருக்கும் மூக்கு ஒழுகியது.
டேஷ்போர்டுக்குள் இருந்த ஒரே காகிதக் கைக்குட்டையைப்
பாதியாகக் கிழித்துக் கொடுத்தான்.
ஒன்பது இருபத்தாறு வரை
ஹீட்டர் மட்டும் பேசியது.

வெளியே வர பதினொன்றேகால்.
நீதிபதி தாமதம், மற்றபடி எல்லாம் சீக்கிரம்.
கார் மறுபடி வெள்ளையாகிவிட்டது,
முள் தரைதட்டிக் கிடக்கிறது.
எதிரே பஸ் நிழற்குடையில் ஸெனோன்
கால் மாற்றிக் கால் குதிக்கிறான்.
பஸ் பன்னிரண்டு ஐந்துக்கு.

சாவியைப் பாதி திருகியிருக்கிறேன்.
ஏழு வரை எண்ண வேண்டும்.
நான்கில் இருக்கிறேன்.