தன் பிழை திருத்தும் மெமரி

மண்டபம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
தகரக்கூரை அலுவலகத்தில்
இரண்டு கொட்டேஷன்கள்.
காற்றில் பறக்காமலிருக்க
செத்துப்போன யூ.பி.எஸ். பேட்டரியை
மேலே தூக்கி வைத்திருக்கிறேன்.

ஒன்று ராமநாதபுரத்துக் கடை.
எழுபத்தெட்டாயிரம், ஜி.எஸ்.டி. தனி.
பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வானவில் விளக்கு.
"கேம் ஆடுற பசங்க வாங்குறதுக்கா.
உங்க வேலைக்கும் ஓடும்"
என்கிறார் அசன் மைதீன்.

இன்னொன்று மதுரையிலிருந்து.
மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
கறுப்பு. விளக்கில்லை.
பீரோவுக்குத் தம்பி மாதிரி இருக்கிறது.

என் வேலை இதுதான்:
மனோலித் தீவுக்குத் தெற்கே
மெல்சியா முங்கி எடுத்துவரும்
நாலாயிரத்துச் சொச்சம் படங்களை ஒட்டி
கடலடியை ஒரே பாயாக விரிக்க வேண்டும்.
பழைய கம்ப்யூட்டர்
அறுபத்தெட்டு சதவீதத்தில் நின்றுவிடும்.
அதுவரை பவளப்பாறை,
அப்புறம் சாம்பல் நிறக் கட்டங்கள்.

விலை வித்தியாசத்தில்
எஞ்சினோடு பழைய வத்தை ஒன்று வாங்கலாம்.
உப்புக்கும் விலைப்பட்டியல் படிக்கத் தெரியாது.
ஆறே மாதம், ஃபேனில் பிசுபிசுப்பு.
ஒன்றரை வருடம், திருகெல்லாம் துரு.

மதுரைக்காரரிடம் கேட்டேன்,
அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

"மெமரி தன் தப்பைத் தானே திருத்திக்கும் மேடம்.
ஒரு சைபர் ஒண்ணாயிட்டா
அதுவே கண்டுபிடிச்சு
திரும்ப சைபராக்கிரும்."

போனை வைத்த பிறகும்
அந்த வாக்கியம் போகவில்லை.
போன மார்ச் அறிக்கையில்
வெளுத்த பவளத்திட்டுகள் நானூற்றுப் பன்னிரண்டு.
அச்சில் நூற்று நாற்பத்திரண்டு.
மெஷின் சரியாகத்தான் சொன்னது.
தட்டியது என் விரல்.
ஒருவரும் கேட்கவில்லை.
மெல்சியா மட்டும்
ஈர முடியைத் துவட்டிக்கொண்டே
அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள்,
பிறகு புரட்டிவிட்டாள்.

இதற்கு எந்த மெமரி விற்கிறார்கள்?

இரண்டு நாள் கழித்து
அசன் மைதீனைக் கூப்பிட்டேன்.
மிச்சத்தில் ஒரு பங்கு
திருத்த அறிக்கைக்கும்
மெல்சியா இன்னும் பதினைந்து நாள் முங்கவும்.
ஒரு பங்கு நல்ல யூ.பி.எஸ்.ஸுக்கு.
அந்த விளக்கை மட்டும் அணைத்துக் கொடுங்கள் என்றேன்.
அதற்குத் தனி சாஃப்ட்வேராம்,
நாளைக்கு வந்து பார்க்கிறாராம்.

வரவில்லை.

இப்போது இரவு இரண்டு மணி.
அறுபத்தெட்டு தாண்டி, எழுபத்தொன்று.
திரையில் எலும்பாய் வெளுத்த திட்டுகளை
ஒவ்வொன்றாக எண்ணுகிறேன்.
சுண்ணாம்புச் சுவரில் என் நிழலைச் சுற்றி
ஊதா, பச்சை, ஆரஞ்சு
மாறி மாறி வந்துபோகிறது.

முந்நூற்றுத் தொண்ணூறு.
இன்னும் முடியவில்லை.