அளவு

சத்துவாச்சாரி, மூன்றாம் மாடி.
நைட் டியூட்டி முடிந்து கதவைத் திறந்தால்
ஃபேன் காற்றில் அதே வாடை.

திங்கள், மெத்தை ஓரம்.
புதன், நான் மடித்து வைத்த யூனிஃபார்ம்.
மணலை மாற்றினேன். தட்டை மாற்றினேன்.
வினிகர், சோடா உப்பு, எலுமிச்சைத் தோல்.
எதிர்வீட்டுக் கடுவன்மேல் பொறாமை என்றான் எட்வின்.
கீழ்வீட்டு சபீனாக்கா
மூக்கைப் பொத்திக்கொண்டே
மத்தித் தலைகளைத் தந்துவிட்டுப் போனாள்.
நான் கத்தினேன்.
ஒருமுறை கைநீட்டவும் செய்தேன்.
பீரோ அடியில் போனவன்
விளக்கு வைக்கும்வரை வரவில்லை.

இன்று வாஷ்பேசினில் உட்கார்ந்திருந்தான் பட்டாணி,
முதுகு வளைத்து, வாய் திறந்து,
சத்தமே இல்லாமல்.
வெள்ளைப் பீங்கானில் மூன்று சொட்டு.
ரோஜா நிறம்.

வார்டில் பதினாறு கட்டில்.
யார் பையில் எத்தனை மில்லி என்று
மணிக்கொருதரம் எழுதுகிற கை இது.
குறைந்தால்
டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற கை.

துண்டில் சுற்றி ஆட்டோ பிடித்தேன்.
கிரீன் சர்க்கிளில் நெரிசல்.
லாரி ஒன்று ஹாரனை எடுக்கவேயில்லை.
மடியில் ஓரிடம் சூடாகி நனைந்தது.
டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.
"நீங்க போங்கண்ணா."

சுடிதாரில் ஈரம் எதுவரை பரவுகிறதென்று
விரல் வைத்துப் பார்த்தபடி இருந்தேன்.
இன்னும் கொஞ்சம், பட்டாணி.
இன்னும் கொஞ்சம் போ.