முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

பழைய பாஸ்போர்ட்டில் இருப்பவளுக்குப் பத்து வயது.
சிரிக்கக் கூடாது என்று சொல்லியும்
உதட்டோரம் கொஞ்சம் சிரித்திருக்கிறாள்.
தன் முகம் தன்னிடம் இருப்பதே
தெரியாதவள் போல.
அவள்மேல் எனக்குப் பொறாமை.

எனக்குப் பதினைந்து.
லிஃப்டின் மூன்று பக்கமும் கண்ணாடி என்பதால்
பதினோரு மாடியும் பட்டன்களையே பார்த்து இறங்குகிறேன்.
மஸ்கட் வெயில் நாற்பத்துமூன்றைத் தொட்டாலும்
ஸ்கூல் ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லை.
கேட்டால், கிளாஸில் ஏசி குளிர் என்பேன்.
ஸ்போர்ட்ஸ் டே படத்தில் என் மேலுதட்டை மட்டும் பெரிதாக்கி
யாரோ குரூப்பில் போட்டதையும்,
இருபத்தாறு பேர் சிரித்ததையும்
யாரிடமும் சொல்லவில்லை.
எண்ணியது நான்தான். இருபத்தாறு.

ரூவியில் ஜூஸ் கடைக்கு மேலே மோனிர் பாய் ஸ்டுடியோ.
"ரெண்டே நிமிஷம்" என்று மௌஸைப் பிடித்தார்.
யாரும் கேட்காமலே முதலில் நிறம் போயிற்று.
பிறகு மச்சம்.
பிறகு நெற்றிப் பருக்கள் ஒவ்வொன்றாய்,
ராத்திரி எதிர் பில்டிங்கில்
ஜன்னல்கள் அணைவது போல.
வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம்.
சொன்னது வேறு:
"அந்தத் தாடையும் கொஞ்சம், பாய்."

ஆறு காப்பி. ஒன்றரை ரியால்.
வீடு சேர்வதற்குள் அதை புரொஃபைலில் வைத்துவிட்டேன்.
தொண்ணூற்றொரு இதயங்கள்.
அன்று ராத்திரி பல் தேய்க்கும்போது
பாத்ரூம் விளக்கைப் போடவில்லை.

பாஸ்போர்ட் சென்டரில் டோக்கன் அறுபத்துநான்கு.
கவுண்டரில் இருந்த பெண்
படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி படத்தைப் பார்த்தாள்.
"பெனிட்டா ஜெரால்டு எங்கே?"
"நான்தான்."
"அப்போ இது யாரு?"

அம்மா சிரித்தாள்.
கேள்வி என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.
இது யாரு.
தொண்ணூற்றொரு பேர் கேட்காத கேள்வி.

உள்ளே ஒரு ஸ்டூல், வெள்ளைத் திரை.
ஜாக்கெட்டைக் கழற்று.
முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளு.
நேரே பார்.
என்னை நேரே பார்க்கச் சொல்லி
எத்தனை மாதம் ஆயிற்று!
ஃபிளாஷ்.
திரையைப் பார்த்து அந்தப் பெண் சொன்னாள்:
"ஆங், இது நீதான்."

தக்காளி நிறுத்துத் தரும் குரல்.
அதில் பாராட்டு இல்லை, பரிதாபம் இல்லை.
அடுத்த டோக்கன் ஒளிர்ந்துவிட்டது.
நான் எழுந்திருக்க ஒரு நொடி ஆயிற்று.

காரில் அம்மா கேட்டாள்,
"அந்தப் படம் நல்லாத்தானே இருந்துச்சு?"
"நல்லா இருந்துச்சு. நான் இல்ல."
அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை.
கண்ணாடிக்கு வெளியே மலைகள்,
ஒரு புல் இல்லாமல், ஒரு வளைவு ஒழுங்காக இல்லாமல்.
ஓரமாய் வண்டியை நிறுத்தி
யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தார்சைட் தாண்டித்தான் நினைவு வந்தது,
ஜாக்கெட் ஸ்டூலிலேயே கிடக்கிறது.
"யு டர்ன் அடிக்கவா?"
"வேண்டாம்மா. நாளைக்குப் பார்த்துக்கலாம்."
ஏசிக் காற்று நேராகக் கையில் பட்டது.
முடிகள் சிலிர்த்து எழுந்தன,
கறுப்பாய், ஒவ்வொன்றாய்.
நிஜமாகவே குளிர்தான்.

மூன்று வாரம் கழித்துப் புதியது வந்தது,
மூலை வெட்டிய பழையதும் கூடவே.
மிச்சமிருந்த ஐந்து வெள்ளைக்காரிகளையும்
கிழிக்க மனம் வரவில்லை.
பழையதற்குள் வைத்து மூடினேன்,
பத்து வயதுக்காரியின் பக்கத்தில்.
அவள் பார்த்துக்கொள்வாள்.
அவளுக்குத்தான் யாரைக் கண்டும் பயமில்லை.

புதியதில் இருப்பவளை
இன்னும் முழுதாகப் பிடித்துவிடவில்லை.
ஆனால் நேற்று லிஃப்டில்
ஏழாவது மாடிவரை
அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.