மொய் நோட்டின் கடைசிப் பக்கங்கள்

கீழே பத்திரிகை அச்சடிக்கிறார்கள்,
மேலே நான் விசேஷ வீடியோ வெட்டுகிறேன்.
செல்லூர் அறுபதடி ரோடு.
கத்திரி வெயில், பதினொன்றாம் நாள்.
பைண்டிங் கோணிப்போனதென்று கழித்த மொய் நோட்டு ஒன்றை
மாடிக்கு எறிந்துவிட்டுப் போனார்
மிஷின்காரர் கோவர்த்தனன்.

பெயர், ஊர், தொகை.
கட்டம் ஏற்கெனவே அடித்திருக்கிறது.
பெயருக்குக் கீழே என்ன மாற்றினேன்,
ஊருக்குக் கீழே எத்தனை டிகிரி,
தொகைக்குக் கீழே
எத்தனை நிமிஷம் தாக்குப்பிடித்தது.

ஆசைதான். வேறு யாரைச் சொல்ல?
டவுன்ஹால் ரோட்டுச் சந்தில்
கசாலி கடையில் பாதி விலைக்கு வாங்கிய சிப்.
"நல்ல சரக்கு, இன்னும் நூத்தம்பது ஏத்தலாம்ணே" என்றான்.
ஏற்றினேன்.
சூடு தாங்காதே என்று வோல்ட்டேஜையும் குறைத்தேன்.
சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு
ஓவர்டைம் பார்க்கச் சொன்ன மாதிரி.

வேலையில் அது விழவில்லை.
ஒரு ராத்திரி முழுக்க எல்லாக் கோரையும் போட்டு வதைத்தேன்.
எட்டு மணி நேரம், எண்பத்தொன்பது டிகிரி,
பிசகவே இல்லை.
காலையில் டீ வாங்கிவந்து
ஃபோல்டர் ஒன்றுக்குப் பெயர் மாற்றலாமென்று
உசிலம்பட்டி என அடித்தேன்.
'உசி' வரைக்கும் வந்தது.
பிறகு இருட்டு.
பிறகு, எதுவும் நடக்காதது போல, முதலிலிருந்து.

உசிலம்பட்டியில் காத்திருப்பவர் ஒச்சப்பன்.
தங்கச்சி பிள்ளைகளுக்குக் காதுகுத்து.
தாய்மாமன் சீர் மட்டுமே இரண்டு மணி நேரம் ஓடுகிறது:
கிடாய் பதினொன்று, டிராக்டர் நிறையப் பித்தளை, வெடி, வெடி.
"பென்டிரைவை இப்பக் குடுப்பியா, இல்ல
காது தூந்த பெறகு குடுப்பியா?"

சந்தேகப்பட்டேன், வரிசை தெரியாமல்.
வெயில்மேல் சந்தேகப்பட்டு ஏசிக்குக் காசு அழுதேன்.
பழைய பேஸ்ட்டைச் சுரண்டிப் புதுசு பூசினேன்.
ராமை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
ஒவ்வொன்றாகச் சொருகினேன்.
ஸ்டெபிலைசர் 'டக்' என்னும் போதெல்லாம்
மணி பார்த்துக் குறித்தேன்.
ஒரே நாளில் மூன்றை மாற்றிய பக்கத்தைக்
கிழித்துப்போட்டேன்.
எது எதனால் என்று அதற்கே தெரியாது.

பதிவேடு உள்ளேயே இருந்திருக்கிறது.
விழுந்து எழும்போதெல்லாம் அதுவே எழுதிவைத்த வரி.
பதினான்கு தடவை விழுந்திருக்கிறது,
பதினான்கிலும் ஒரே எண்: எட்டு.
ஒரு கோருக்கு இரண்டு இழை. எட்டில் பாதி நாலு.
சைபரிலிருந்து எண்ணினால்
ஐந்தாவது ஆள்.

ஆறு பேர் பந்தியில்
ஐந்தாவது இலைக்கு மட்டும் குழம்பு எட்டவில்லை.
கூட்டத்தோடு ஓடும்போது எல்லோரும் நிதானமாக ஓடுவார்கள்,
அவனும் ஓடிவிடுவான்.
வேலை ஓய்ந்த நேரத்தில், ஏதோ ஒரு சொடுக்குக்கு
அவனை மட்டும் எழுப்பி
உச்சத்துக்கு ஓடு என்றால்
கண் இருட்டிவிடுகிறது.
அதுவும் ஒரு 'சி'க்காக.

மற்ற ஐவருக்கு மைனஸ் முப்பது அப்படியே.
அவனுக்கு மட்டும் மைனஸ் பன்னிரண்டு.
அன்றைக்குத்தான் நோட்டை
நோட்டு கேட்டபடி எழுதினேன்.
பெயர்: ஐந்தாம் கோர். ஊர்: செல்லூர்.
தொகை: பதினெட்டுப் புள்ளி.

இனிச் சோதனை என்பது வேலை கொடுப்பதல்ல.
எதுவும் கொடுக்காமல் விட்டுவிடுவது.
விளக்கை அணைத்தேன். மவுஸைத் தொடவில்லை.
ஃபேன் சுற்றுகிறதா என்று
காதை ஒட்டவைத்துக் கேட்க வேண்டியிருந்தது.
கீழே மிஷின் எப்போதோ நின்றுவிட்டது.
மூன்று மணி. நாலு மணி.
அது பாட்டுக்குச் சும்மா இருந்தது.
எனக்குத்தான் வரவில்லை,
இரண்டு தடவை எழுந்துபோய் முகம் கழுவினேன்.

ஐந்தரைக்கு அதே ஃபோல்டரைத் திறந்து அடித்தேன்.
உசிலம்பட்டி.
'டி' வரைக்கும் வந்தது.

கசாலிக்குச் செய்தி போட்டேன்: நூத்தம்பது நிக்குது.
அவனும் தூங்கவில்லை போல, உடனே பதில்:
"அப்ப இன்னொரு அம்பது?"

நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது.