இருபது விழுக்காடு

காக்கி புக்கிட், மூன்றாம் தளம்.
ஓங்கின் பட்டறையில் சனிக்கிழமைகளில் ஒரு மூலை எனக்கு.
வாடகை, அவனுடைய கணக்கை எழுதித் தருவது.

வீட்டில் முடியாது.
பதினோராம் மாடித் தாழ்வாரத்தில் பொறி பறந்தால்
முதலில் எதிர்வீட்டுத் துணிகள்,
அப்புறம் நகர மன்றக் கடிதம்.

அலுவலகத்தில் சொன்னேன்:
வார இறுதியில் பற்றவைக்கப் போகிறேன்.
"யாருக்கும் யாருக்கும் நடுவில்?" என்றாள் மணிமொழி.

ஜாலான் புசாரில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.
வாயு ஊதும் இயந்திரம் அறுநூற்று இருபது வெள்ளி,
உருளை வாடகை தனி.
"மெல்லிய குழாய்க்கு இதுதான் அழகு" என்றார் கோ.
அழகுக்கு நான் காசு ஒதுக்கவில்லை.
குச்சியில் பற்றவைப்பது நூற்று எண்பத்தொன்பது,
நான்கு கிலோ.
மகனை முதன்முதல் கையில் வாங்கியபோது
அவன் இதைவிடக் கொஞ்சம் லேசு.
ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர் குழாயைக்
கண் சிமிட்டுமுன் ஓட்டையாக்கிவிடும்;
ஓட்டையை அடைக்கப் போனால் பெரிய ஓட்டை.

நடுவில் ஒன்று:
கம்பிக்குள்ளேயே மருந்து, வாயு வேண்டாம்,
வீட்டு பிளக்கே போதும், முந்நூற்று நாற்பது.
பெட்டியின் விலாவில் எறும்பெழுத்தில்
இருபது விழுக்காடு.
தள்ளுபடி என்று நினைத்துப் பணத்தை எண்ணினேன்.

கோ சிரிக்கவில்லை.
"பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் எரியும்.
எட்டு நிமிடம் ஓய்வு.
மீறினால் தானே நின்றுவிடும்."

என் அலுவலகத்தில் எவருடைய விலாவிலும்
இப்படி எழுதி ஒட்டவில்லை.

வாங்கினேன்.
முகக்கவசம் மட்டும் விலை பார்க்காமல்,
கண்ணில் கஞ்சத்தனம் கூடாது.

முதல் பற்று மைனா எச்சம்.
இரண்டாவது, கொஞ்சம் பெரிய மைனா.
நான்காம் சனிக்கிழமைதான்
மிதிவண்டியின் பக்கப்பெட்டிக்குச் சட்டம் என்று
சொல்லிக்கொள்ளும்படி ஏதோ நின்றது.

பெட்டி சேமியாவுக்கு.
பின்னங்கால்கள் போய்விட்டன, வயது பதினான்கு;
பிடோக் நீர்த்தேக்கத்தின் காற்று மட்டும்
இன்னும் அதற்கு வேண்டியிருக்கிறது.

இயந்திரம் தணியும் எட்டு நிமிடம்
கோப்பி ஓ குடித்தபடி ஓங்கின் ரசீதுகளை அடுக்குகிறேன்.
பழைய துண்டின்மேல் சேமியா தூங்குகிறது,
எழுந்து முகர்கிறது, ஒருமுறை வாலாட்டுகிறது,
மறுபடி தூங்குகிறது.
அதன் விலாவைத் தடவிப் பார்த்தேன்.
எழுத்து எதுவும் இல்லை.

இடது சக்கர மூட்டு சரியில்லை,
தேய்த்துவிட்டு மறுபடி போட வேண்டும்.
இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது.